பேஜர் அடிக்கும் சார்

சீடருக்கு அறுபத்திரண்டு வயது. குருவுக்கு நாற்பது இன்னும் முடியவில்லை. பெருந்துறைப் பக்கம் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆளே இல்லை. சிரித்துவிட்டுப் போகட்டும். செங்கோட்டுவேலுக்கு அதில் ஒரு கூச்சமும் கிடையாது. குருவான சின்னச் சாமி எதிரில் வந்தால் இவர் தோளில் கிடக்கும் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும்.

செங்கோட்டுவேல் அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் வராமல் வண்டியை ஒரு முழம் நகர்த்தியதில்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே நிற்கட்டும், ஜனங்கள் கத்தட்டும், கண்டக்டர் ரெட்டை விசில் கொடுத்தால்தான் கியர் விழும். ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சாமியின் பழைய காரை இப்போது அவர்தான் ஓட்டுகிறார். பின்சீட்டிலிருந்து சாமி "ரைட்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் வண்டி கிளம்பும். சாமியும் முகம் சுளிக்காமல் சொல்லிவிடுவார்.

அன்றைக்குப் பொள்ளாச்சியில் அன்பர் ஒருவர் புதுவீடு புகுந்த விசேஷம். அதை முடித்துக்கொண்டு இருவரும் கோவை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவிநாசி ரோட்டில் ஏறியதிலிருந்து செங்கோட்டுவேல் வாய் திறக்கவில்லை.

"என்ன டிரைவரே, சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்லீங்க சாமி."

"ஒண்ணுமில்லாத மூஞ்சியா இது?"

கொஞ்ச தூரம் வண்டி ஓடியது. பிறகு அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"சாமி, ஒரு கேள்விங்க. எம் பொண்ணு எப்பங்க என்னைக் கூப்பிடுவா?"

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள் பூங்கோதை தன் விருப்பப்படி ஒருவனைக் கட்டிக்கொண்டு கோவைக்கு வந்துவிட்டாள். அவள் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று செங்கோட்டுவேல் வாசலில் நின்று போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. "இனி உன் குரல் என் காதுல விழக் கூடாது. போன் கீன் பண்ணிறாதே" என்றார். கல்யாண விஷயம் ஒன்றைத் தவிர அப்பன் பேச்சை அந்தப் பெண் எப்போதும் தட்டியதில்லை. அதையும் தட்டவில்லை. இன்றைய தேதி வரைக்கும் பண்ணவில்லை.

இப்போது அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. செங்கோட்டுவேலின் மனைவி தெய்வானை மகளின் பிரசவத்துக்குப் போனவள் அங்கேயே இருக்கிறாள். இன்றைக்குச் சாயங்காலம் பேர் வைக்கிறார்கள். செங்கோட்டுவேல் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையை அம்மாவைப் பெற்ற தாத்தா மடியில் போட்டுத்தான் காதில் பேர் சொல்வார்கள். காலையில் தெய்வானை போனில் சொன்னதை அவர் சாமியிடம் அப்படியே ஒப்பித்தார்.

"'விளக்கு வைக்கறதுக்குள்ள வந்தா உங்க மடி. இல்லாட்டி அவ மாமனார் மடி. அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க'ங்கறா சாமி."

"போக வேண்டியதுதானே?"

"அவ கூப்பிடலீங்களே. கூப்பிட்டது அவ அம்மாதானுங்க. எம் பொண்ணு ஒரே ஒரு வார்த்தை, 'வாங்கப்பா'ன்னு சொல்லட்டும். ஓடிப் போயிருவேன். அதான் கேக்கறேன். எப்பங்க கூப்பிடுவா?"

சாமி ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்.

"டிரைவரே, எனக்கு டோனட் சாப்பிடணும்போல இருக்குது."

செங்கோட்டுவேலுக்குப் பிரேக்கில் கால் போய்விட்டது. கம்மஞ்சோறும் மோரும் தவிர வேறு எதையும் தேடாத மனுஷன், என்றைக்கும் இல்லாத திருநாளாக டோனட் கேட்கிறார்.

"அதோ, அந்தக் கண்ணாடிக் கடை. ஓரம் கட்டுங்க."

செங்கோட்டுவேல் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் கடைதான், அதில் ஒன்றுமில்லை. ஆனால் அதை ஒட்டி இடது பக்கம் பிரியும் சந்தில்தான் பூங்கோதையின் வீடு. சாமி தெரிந்து சொல்கிறாரா, தெரியாமல் சொல்கிறாரா? முகத்தைப் பார்த்தால் டோனட் ஆசை மட்டும்தான் தெரிந்தது.

உள்ளே ஏசிக் காற்று பனிக்காலம்போல் அடித்தது. சாமி சந்து தெரிகிற மாதிரி ஒரு மேஜையாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். செங்கோட்டுவேல் கவுண்டருக்குப் போனார். அங்கே தொப்பி போட்ட ஒரு பெண் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வெல்கம் சார், காம்போ எடுத்துக்கறீங்களா?"

"ரெண்டு காபிம்மா. ஒரு டோனட். சர்க்கரை தூவினது போதும்."

"லார்ஜா, மீடியமா, ஸ்மாலா?"

"குடிக்கற மாதிரி."

அவள் எதையோ தட்டினாள். பிறகு உள்ளங்கை அகலத்தில் வட்டமாக ஒரு கறுப்பு வில்லையை நீட்டினாள்.

"ஆர்டர் ரெடியானா பேஜர் அடிக்கும் சார். அடிச்சா வந்து வாங்கிக்கோங்க. நெக்ஸ்ட்."

செங்கோட்டுவேலுக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போயிற்று. விசில் மாதிரி ஒன்று. நம்ம டிப்போ முறை இங்கேயும் இருக்கிறது பார் என்று ஒரு திருப்தியோடு வந்து உட்கார்ந்தார். வில்லையை மேஜையில் வைத்தாரோ இல்லையோ, அது சிவப்பு விளக்கெல்லாம் மினுக்கி, கிர்ரென்று கத்திக்கொண்டே மேஜைமேல் நகர ஆரம்பித்தது.

அவர் எழுந்து ஓடினார். "இல்லை சார், அது சும்மா டெஸ்ட்டு" என்றாள் அந்தப் பெண், அப்போதும் நிமிராமல். திரும்பி வந்தால் அது இன்னும் கத்திக்கொண்டிருந்தது. பக்கத்து மேஜைகளில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். செங்கோட்டுவேலுக்கு அவமானமாகப் போயிற்று. வில்லையைத் தூக்கிப் புரட்டினார். அடியில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. கட்டை விரலால் அழுத்திப் பிடித்தார். சத்தம் நின்றது, விளக்கும் அணைந்தது.

"இப்ப சரிங்க சாமி" என்று அதை மேஜையில் வைத்தார்.

சாமி வில்லையை ஒரு தரம் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

காத்திருந்தார்கள். இவர்களுக்குப் பின்னால் வந்த கல்லூரிப் பிள்ளைகளின் வில்லை அடித்தது, வாங்கிக்கொண்டு போனார்கள். கைக்குழந்தையோடு வந்த தம்பதிக்கு அடித்தது. இவர்களுடையது ஊமையாகக் கிடந்தது.

"விசில் வந்துச்சா டிரைவரே?"

"இன்னும் வரலீங்க."

செங்கோட்டுவேல் பக்கத்து மேஜைத் தட்டைப் பார்த்தார். நம்ம உளுந்து வடையைச் சர்க்கரையில் புரட்டி வைத்த மாதிரி இருந்தது. நடுவில் ஓட்டை. திடீரென்று அவருக்குப் பொறி தட்டியது. சாமி காரணமில்லாமல் எதையும் கேட்க மாட்டார். ஓட்டை என்றால் சூனியம். சுற்றிலும் சர்க்கரை, உள்ளே ஒன்றுமில்லை. மகளாவது பேத்தியாவது, எல்லாம் மாயை என்று காட்டத்தான் கூட்டி வந்திருக்கிறார்.

"புரிஞ்சுதுங்க சாமி" என்றார் மெதுவாக.

"என்ன புரிஞ்சுது?"

"அந்த ஓட்டைங்க."

"ஓட்டை இருந்தாத்தான் நடுவுல வேகும்" என்றார் சாமி.

செங்கோட்டுவேல் திருதிருவென்று விழித்தார். இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்து யோசித்து, மண்டை காய்ந்து போயிற்று. அப்படி அர்த்தம் எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

மறுபடி கவுண்டருக்குப் போனார்.

"ஏம்மா, ரெண்டு காபி சொன்னேனே."

"பேஜர் அடிக்கும் சார்."

"எங்களுக்குப் பின்னாடி வந்தவங்கெல்லாம் தின்னுட்டே போயிட்டாங்க."

"அடிச்சாதான் சார் வரணும். நெக்ஸ்ட்."

திரும்பி வந்தார். இப்போது அவருக்கு இன்னொன்று தோன்றியது. சாமி பொறுமையைச் சோதிக்கிறார். ஆகா, அப்படியா சேதி. கையைக் கட்டிக்கொண்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். மகள் கூப்பிடும்வரை பொறுத்திருப்பதும் இதே தவம்தானே என்று நினைத்தபோது ஒரு பெருமைகூட வந்தது. அந்தப் பெருமை ஜன்னலுக்கு வெளியே பார்க்கும்வரைதான் நின்றது.

சந்து முனையில் தெய்வானை நின்றுகொண்டிருந்தாள். விசேஷத்துக்கு எடுத்த அரக்குச் சேலை. பூக்காரியிடம் மல்லிகையை வாங்கிக்கொண்டாள். வாங்கியபிறகும் உடனே திரும்பவில்லை. நெற்றியில் கை வைத்து, பெருந்துறை பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி நின்றாள்.

செங்கோட்டுவேல் மேஜைமேல் நிறுத்தியிருந்த விளம்பர அட்டையை இழுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அதில் ஒரு பெரிய டோனட் சிரித்துக்கொண்டிருந்தது. அட்டை விளிம்பு வழியாக எட்டிப் பார்த்தார். ஒரு பஸ் வந்து நின்றது, நாலைந்து பேர் இறங்கினார்கள், பஸ் போய்விட்டது. தெய்வானை கையை இறக்கிக்கொண்டு சந்துக்குள் திரும்பி நடந்தாள்.

"யாரு அது?" என்றார் சாமி.

"யாருமில்லீங்க."

"யாருமில்லாததுக்கா அட்டை பிடிக்கறீங்க?"

அவர் அட்டையை மேஜையில் வைத்தார். வெயில் மேம்பாலத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் விளக்கு வைத்துவிடுவார்கள். யாரோ ஒருத்தர் மடியில் குழந்தையைப் போட்டுப் பேர் சொல்வார்கள். என்ன பேர் என்றுகூட அவருக்குத் தெரியாது. இங்கே ஒரு காபிகூட வரமாட்டேன் என்கிறது. சாமியோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் டோனட்டுக்குக் காத்திருக்கிறார். இது என்ன கூத்து, தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. மேஜைமேல் வில்லையைப் பார்த்தார். அதுவும் கூப்பிடவில்லை.

போனைப் பையில் போட்டுவிட்டு வில்லையை அள்ளிக்கொண்டு எழுந்தார்.

"எங்க போறீங்க?"

"ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேனுங்க."

முப்பது வருஷம் பஸ் ஓட்டின குரல் அது. கவுண்டர் முன்னால் அது எழும்பியபோது காபி மெஷின் சத்தமே கேட்கவில்லை. மனுஷனை என்னவென்று நினைத்தீர்கள், எத்தனை நேரம் உட்கார வைப்பீர்கள், உங்களைக் கேட்க ஆளில்லையா என்று ஒரு பாட்டம் தீர்த்தார். அந்தப் பெண் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தால் சின்ன வயசுதான். கண்ணெல்லாம் களைத்துப்போய் இருந்தது. உள்ளேயிருந்து சூப்பர்வைசர் ஒருவர் வந்தார்.

"சார், சார். உங்க நம்பர் என்ன?" வில்லையில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்தார். "இது அப்பவே ரெடி சார். அதோ இருக்கு பாருங்க."

கவுண்டரின் கோடியில் ஒரு ட்ரே இருந்தது. இரண்டு காபி, ஒரு டோனட். செங்கோட்டுவேல் இரண்டு முறை வந்து நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் எட்டும் தூரம்.

"அப்பவேன்னா?"

"நீங்க ஆர்டர் பண்ணி அஞ்சு நிமிஷத்துலயே வெச்சாச்சு. பேஜரும் அடிச்சோம். நீங்கதான் வரலை."

"நானா வரலை? ரெண்டு தடவை வந்து நின்னேன். இந்தா இருக்குதுன்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போயிரும்?"

"கூப்பிட்டுக் குடுக்கறது எங்க சிஸ்டம்ல இல்லை சார். பேஜர்தான்."

"இது அடிக்கவே இல்லை. என் கண்ணு முன்னாடியேதான் கிடந்துச்சு."

சூப்பர்வைசர் வில்லையை வாங்கிப் புரட்டினார். பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ள, அது அவர் கையிலேயே கிர்ரென்று கத்தியது.

"நல்லாத்தான் இருக்கு சார். யாரோ ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்க."

எந்த மடையன் என்று கேட்க செங்கோட்டுவேல் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. கட்டை விரலைப் பார்த்துக்கொண்டார். பிறகு ட்ரேயைத் தூக்கிக்கொண்டார். போகும்போது அந்தப் பெண்ணிடம், "சத்தம் போட்டுட்டேன், மனசுல வெச்சுக்காதே அம்மிணி" என்றார். அவள் திரைக்குத் திரும்பியிருந்தாள்.

மேஜையில் ட்ரேயை வைத்தார். சர்க்கரை டோனட் கேட்டதற்குச் சாக்லேட் பூசி, மேலே கலர் மணி தூவியது வந்திருந்தது. மாற்றிக்கொண்டு வரலாமா என்று கேட்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. சாமி அதை எடுத்து ஒரு கடி கடித்தார். நன்றாக இருந்தது போலிருக்கிறது, இன்னொரு கடி கடித்தார்.

"எப்ப வந்துச்சாம்?"

"அப்பவே வந்துருச்சாமுங்க."

"அப்புறம் ஏன் எடுத்துட்டு வரலை?"

"அடிக்கலீங்களே சாமி."

"ஏன் அடிக்கலை?"

செங்கோட்டுவேல் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நான்தாங்க அமுக்கினேன்."

"எதுக்கு?"

"சத்தம் போட்டுச்சுங்க. நாலு பேர் திரும்பிப் பாத்தாங்க."

சாமி தலையை ஆட்டிக்கொண்டார்.

"நான் அமுக்கினதை நீங்க பாத்தீங்களா சாமி?"

"பாத்தேன்."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

"அமுக்கினவருக்குத் தெரியாதா என்னன்னு இருந்துட்டேன்."

செங்கோட்டுவேல் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு வீட்டு வாசற்படி ஞாபகத்துக்கு வந்தது. பூங்கோதை கையில் ஒரு பை. தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. தான் சொன்னது முழுசாக, ஒரு சொல் விடாமல் காதில் கேட்டது. அப்போது அவள் "சரிங்கப்பா" என்றுதான் சொன்னாள். வேறு எதுவும் சொல்லவில்லை. இத்தனை நாளாக அந்த "சரிங்கப்பா" அவருக்கு எங்கே போயிருந்தது?

காபியைப் பார்த்தார். மேலே ஏடு படிந்து சுருங்கிப்போய் இருந்தது. கோப்பையைத் தொட்டார், ஜில்லென்று இருந்தது.

"சாமி, இது ஆறிப்போச்சுங்களே."

"ம்."

"ரொம்ப நேரம் ஆயிருச்சுங்க. அங்கேயே கிடந்திருக்குது. நான்தான் பாக்காம..." குரல் உடைந்துவிட்டது. சொல்ல வந்தது காபியைப் பற்றி இல்லை என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. "இனிமே இதைக் கொண்டுபோய் என்னங்க சாமி பண்ணறது?"

சாமி ஒரு கோப்பையை எடுத்தார். ஏட்டை விரலால் ஒதுக்கிவிட்டு ஒரு வாய் குடித்தார். முகம் கோணவில்லை, மலரவும் இல்லை. இன்னொரு வாய் குடித்தார்.

"ஆறித்தான் போச்சு" என்றார். "ஆனா நம்ம காபிதானே."

மற்றக் கோப்பையைச் செங்கோட்டுவேல் எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். கண்ணில் வந்த தண்ணீரைத் துண்டில் ஒற்றிக்கொண்டார். துண்டிலிருந்து பொள்ளாச்சி விசேஷத்துச் சந்தன வாசனை வந்தது. இருவரும் எழுந்து வெளியே வந்தார்கள்.

தெருவிளக்குகள் இன்னும் எரியவில்லை. ஆனால் பூக்காரி தன் கூடைக்குப் பக்கத்தில் பேட்டரி விளக்கை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். செங்கோட்டுவேல் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். நேரே போனால் பெருந்துறை. இடது பக்கம் சந்து.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தார். பின்சீட்டிலிருந்து சத்தமே வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு கண்ணாடியில் பார்த்தார். சாமி விரலில் ஒட்டியிருந்த சாக்லேட்டை நக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, ரைட் சொல்லலீங்களே."

"ஏன், ஸ்டீயரிங் என்கிட்டயா இருக்குது?"

செங்கோட்டுவேல் இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டார்.